கரிக்குத் தேர்வு உண்டு, மாஸ்க்குக்கு?

நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு என்று சந்தேகம் வந்தால், கதிரியக்க வாயுவை மாஸ்க் வழியே மூச்சில் இழுக்கச் சொல்லிப் படமெடுப்பது உண்டு. அமெரிக்காவில் இதற்கு நெடுங்காலம் கைகொடுத்தது செனான் 133. அரை ஆயுள் ஐந்து நாளுக்குச் சற்று மேல். நோயாளி வெளிவிடும் மூச்சு கரி நிரப்பிய வடிகட்டிக்குள் போய், வாயு அங்கேயே தங்கிச் சிதைய வேண்டும்.

அந்த வடிகட்டியைச் சோதிக்கும் முறை கெட்டிக்காரத்தனமானது. அதிலிருந்து வெளிவரும் காற்றை பிளாஸ்டிக் பையில் பிடித்து காமா கேமரா முன் வைக்கிறார்கள். படமெடுக்கும் கருவியே காவல்காரனாகிவிடுகிறது. கரியில் ஈரம் ஏறி செனான் நழுவினால் பை காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் இது வடிகட்டிக்கான தேர்வு மட்டுமே. வாயு நழுவ இன்னொரு வழி நோயாளியின் முகம். அடர்ந்த தாடி, பல் செட்டைக் கழற்றியதால் ஒட்டிய கன்னம், மூச்சுத் திணறி மாஸ்க்கைப் பிடுங்கும் கை. வடிகட்டிச் சோதனை, மாஸ்க் முகத்தில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களைப் பார்ப்பதே இல்லை. டெக்னீஷியன் சட்டையில் குத்தியிருக்கும், கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜும் மொத்தக் கணக்கைத்தான் சொல்லும்; எந்த ஸ்கேனில் கசிந்தது என்று சொல்லாது.

அறைக் கணக்கிலும் இதே கோளாறு. 2002 வரை அமெரிக்க விதிகளின்படி, வாயு சிந்தினால் எத்தனை நிமிடம் வெளியே நிற்க வேண்டும் என்று கணக்கிட்டு அறையில் ஒட்டிவைக்க வேண்டியிருந்தது. 100 கன மீட்டர் அறையிலிருந்து நிமிடத்துக்கு 10 கன மீட்டர் காற்று வெளியேறினால், 7 நிமிடத்துக்கு ஒருமுறை செறிவு பாதியாகும். காற்று சீராகக் கலந்துவிடும் என்று நம்பிப் போட்ட கணக்கு இது. குனிந்து மாஸ்க்கைச் சரிசெய்பவரின் மூக்குக்கு அந்தச் சராசரி பொருந்தாது.

செனான் கனமானது, தரையில் தங்கும், ஆகவே வெளியேற்றும் துளை கீழே இருக்கட்டும் என்ற வாதமும் எனக்கு ஒப்பவில்லை. 740 மெகா பெக்கரல் செனான் 133-இன் எடை ஒரு மில்லிகிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். லிட்டர் கணக்கான வெதுவெதுப்பான மூச்சில் கலந்த பின் அது எங்கே கீழே இறங்கப்போகிறது? துளை தலைமாட்டில் இருப்பதே மேல்.

செனானுக்கு மாற்றாக, 13 விநாடி அரை ஆயுள் கொண்ட கிரிப்டான் 81எம் இந்தத் தலைவலியைப் பெருமளவு தீர்க்கிறது. டெக்னீசியம் ஏரோசால் தீர்ப்பதில்லை. காற்றில் இருந்த கவலையைத் தலையணைக்கும் மேசைக்கும் மாற்றுகிறது.

செனான் உடலில் தங்காததால் ஊழியர் பெறும் கதிர்வீச்சு பொதுவாகக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் கசிவைக் கண்டுபிடிக்க மாஸ்க் அருகே மீட்டர் வைக்கலாமே என்றால், செனான் நிரம்பிய நுரையீரலே அதைக் கூவ வைத்துவிடும். குழாய் வழியே முகத்தருகிலுள்ள காற்றை உறிஞ்சி, ஈயக் கூட்டுக்குள் இருக்கும் உணரியில் அளப்பதே வழி. 81 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரை மறைக்கச் சில மில்லிமீட்டர் ஈயம் போதும்.