லிஃப்டுக்குள் இருந்த கேமரா

ஒரே ஆள், ஒரே இரவு, ஒரே குற்றம். தீர்ப்பு மட்டும் மூன்று. முதலில் இரண்டு ஆட்டங்களுக்குத் தடை, அடுத்து காலவரையற்ற தடை, கடைசியில் தடையே இல்லை. மைதானத்துக்கு வெளியே தவறு செய்யும் வீரர்களை ஒரு லீக் எப்படித் தண்டிக்கக் கூடாது என்பதற்கு, அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் நடத்திய ரே ரைஸ் விவகாரத்தைவிட நல்ல பாடம் கிடையாது.

ரைஸ் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் நட்சத்திரம். 2014 பிப்ரவரியில், அட்லாண்டிக் சிட்டியில் ஒரு கேசினோவின் லிஃப்டுக்குள், தனக்கு நிச்சயமாகியிருந்த ஜனேவை அடித்தார். அவர் மயங்கி விழுந்தார். நினைவில்லாத அவரை ரைஸ் லிஃப்டிலிருந்து வெளியே இழுத்துப்போடும் காட்சி சில நாட்களிலேயே இணையத்தில் வந்துவிட்டது. லீக் விசாரித்தது. ஜூலையில் இரண்டு ஆட்டத் தடை விதித்தது. அதே கோடையில் ஜாஷ் கார்டன் என்ற இன்னொரு வீரருக்கு, மறுபடியும் கஞ்சா சோதனையில் சிக்கியதற்காக ஓராண்டுத் தடை கொடுத்தார்கள். அது பிறகு பத்து ஆட்டங்களாகக் குறைந்தது. குறைந்த பிறகும் கணக்கு இடிக்கிறது, இல்லையா?

ஊரே திட்டியது. ஆகஸ்ட் கடைசியில் லீகின் கமிஷனர் ராஜர் குடெல் அணி உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதி, தான் சரியாகச் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டார். இனி குடும்ப வன்முறைக்கு முதல் முறை என்றால் ஆறு ஆட்டத் தடை என்று அறிவித்தார். செப்டம்பர் 8 அன்று, லிஃப்டுக்கு உள்ளே இருந்த கேமராவின் பதிவு வெளியானது. அடி விழுவதை எல்லோரும் பார்த்தார்கள். அன்றே அணி அவரை விடுவித்தது. லீக் காலவரையற்ற தடை போட்டது.

அந்த இரண்டாவது வீடியோவில் புதிதாக என்ன இருந்தது? முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ் நடுவராக அமர்ந்து தீர்க்க வேண்டியிருந்த கேள்வி இதுதான். ரைஸ் தங்களைத் தவறாக நம்பவைத்துவிட்டார் என்றது லீக். அப்படி இல்லை, நடந்ததை அவர் மறைக்கவில்லை என்று முடிவு செய்த ஜோன்ஸ், நவம்பரில் அந்தத் தடையை ரத்து செய்தார். லீகுக்கு விஷயம் தெரியும். புதிதாக மாறியது ஒன்றுதான்: மற்றவர்களும் பார்த்துவிட்டார்கள்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். வாடிக்கையாளர் பொதுவெளியில் கத்தும்வரை ஒரு பிழை பட்டியலின் அடியிலேயே கிடப்பதும், கத்திய மறுநிமிடம் அது தலைபோகிற காரியமாவதும் எனக்குப் பழகிப்போன விஷயம். பிழை அதேதான். அவமானம்தான் புதுசு. என்எஃப்எல் தண்டித்ததும் அவமானத்தின் அளவைப் பார்த்துத்தான்.

இங்கே நியாயமான ஒரு எதிர்வாதம் உண்டு. தண்டிக்க நீதிமன்றம் இருக்கிறது, பந்து விளையாட ஆள் வைத்திருக்கும் நிறுவனம் எதற்கு நீதிபதி வேஷம் போட வேண்டும்? எனக்கும் இதில் பாதி உடன்பாடு. ஆனால் குற்றவியல் நீதிமன்றத்தின் அளவுகோல் வேறு. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தால்தான் சிறை. ரைஸ் சிறைக்கே போகவில்லை. முதல்முறைக் குற்றவாளிகளுக்கான மாற்றுத் திட்டத்தில் சேர்ந்தார், அதை முடித்ததும் குற்றச்சாட்டு தள்ளுபடியானது. சிறைக்கு அனுப்பப் போதாத ஆதாரம், ஒருவரைச் சில வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப் போதுமானதாக இருக்கலாம். எந்த ஆபீஸிலும் நடப்பதுதான். ஆக, லீக் தண்டிக்கலாம். ஆனால் முதலாளியே புகாரை விசாரித்து, தீர்ப்பும் சொல்லி, மேல்முறையீட்டையும் தானே கேட்கக் கூடாது.

டிஷான் வாட்சன் விவகாரத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. மசாஜ் சிகிச்சையாளர்களான இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மேல் பாலியல் அத்துமீறல் வழக்குத் தொடர்ந்தார்கள். அவர் மறுத்தார். டெக்சாஸில் இரண்டு கிராண்ட் ஜூரிகள் குற்றம் சாட்ட மறுத்தன. கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அவரை 23 கோடி டாலர் ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. 2020 தொழிற்சங்க ஒப்பந்தப்படி, லீகும் சங்கமும் சேர்ந்து நியமித்த முன்னாள் நீதிபதி சூ ராபின்சன் விசாரித்தார். 2022 ஆகஸ்ட் 1 அன்று ஆறு ஆட்டத் தடை விதித்தார்.

அந்தத் தீர்ப்பு வாசிக்க வேண்டிய பிரதி. வாட்சன் விதிகளை மீறினார் என்பதை லீக் நிரூபித்துவிட்டதாக ராபின்சன் ஏற்கிறார். இதற்கு முன் லீக் பார்த்த எதையும்விட மோசமான நடத்தை என்றும் சொல்கிறார். பிறகு ஆறு ஆட்டம் என்கிறார்! அவர் தரும் காரணம்: இதுவரை இத்தனை குறைவாகத் தண்டித்துவிட்டு, முன்னறிவிப்பு இல்லாமல் ஒருவருக்கு மட்டும் அளவுகோலை மாற்ற முடியாது. எரிச்சலூட்டும் முடிவுதான், ஆனால் தர்க்கம் சரி. பழைய சலுகைகளுக்கான வட்டியை இந்தப் பெண்கள் கட்டினார்கள். எனக்கு நெருடுவது வேறு இடம். ‘வன்முறையற்ற’ பாலியல் நடத்தை என்று அதை வகைப்படுத்துகிறார். காயம் தெரிந்தால்தான் வன்முறையா? இங்கும் கேமராவின் தர்க்கமே வேலை செய்கிறது.

லீக் மேல்முறையீடு செய்தது. அதை யார் கேட்பார்? கமிஷனரோ, அவர் நியமிக்கும் ஆளோ. அதாவது, சுற்றிச் சுற்றி சுப்பன் கடைக்கே வந்தாயிற்று. கடைசியில் பதினோரு ஆட்டம், 50 லட்சம் டாலர் அபராதம் என்று பேரம் முடிந்தது. முதல் வருட அடிப்படைச் சம்பளத்தைப் பத்து லட்சம் டாலர் சுமாருக்குத்தான் வைத்திருந்தார்கள் என்பதால், ஆறு ஆட்டத் தடையில் அவர் இழந்திருக்கக்கூடியது ஏறத்தாழ 3.45 லட்சம் டாலர் மட்டுமே. அதே ஆண்டில் கால்வின் ரிட்லி என்ற வீரர், 1,500 டாலர் பந்தயம் கட்டியதற்காக அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். சூதாட்டம் விளையாட்டின் நம்பகத்தன்மையைக் குலைக்கும், கடுமை தேவைதான். ஆனால் எந்தக் காயத்தைத் தன்னுடையது என்று லீக் நினைக்கிறது என்பதும் இதில் தெரிந்துபோகிறது.

மாற்று வழி பக்கத்திலேயே இருக்கிறது. பேஸ்பால் லீக் 2015இல் வீரர்கள் சங்கத்தோடு சேர்ந்து குடும்ப வன்முறைக் கொள்கையை எழுதியது. விசாரணை நடக்கும்போது சம்பளத்தோடு விடுப்பு, தண்டிக்க நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை, மேல்முறையீடு வெளி நடுவரிடம். டிரெவர் பவருக்கு கமிஷனர் விதித்த 324 ஆட்டத் தடையை நடுவர் 194 ஆகக் குறைத்தார். பவர் குற்றச்சாட்டை மறுத்தார், அவர்மேல் குற்ற வழக்கும் பதிவாகவில்லை. அந்த எண் சரியா என்று நாம் சண்டை போடலாம். அதைச் சொன்னவர் லீகின் ஆள் இல்லை என்பதே முக்கியம். இதோடு, அபராதத்தை அந்த வருடச் சம்பளத்தில் இல்லாமல் மொத்த ஒப்பந்தத் தொகையில் கணக்கிட்டால் அணிகளின் சாமர்த்தியமும் செல்லாது.

ஆனால் எந்தக் கொள்கையிலும் எனக்குப் போதாமல் படுவது ஜனேவின் இடம்தான். கமிஷனர் அவரைச் சந்தித்தபோது ரைஸும் அதே அறையில் இருந்தார். அடித்தவர் பக்கத்தில் இருக்க, அடி வாங்கியவர் என்ன சொல்ல முடியும்? அதற்குள் அவர் ரைஸின் மனைவி. தடை பிறகு கடுமையானபோது போனது அவர் வீட்டு வருமானமும்தான். அப்போது அவர் கோபப்பட்டது ஊடகங்கள்மேல். பலருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிகிறது. புகார் சொன்னால் குடும்பமே தெருவுக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் அடுத்த வீரரின் மனைவி, வாயைத் திறப்பாரா? அவரைத் தனியாக, லீகின் சம்பளம் வாங்காத ஒருவர் கேட்க வேண்டும். பிடித்துவைக்கும் சம்பளத்தில் ஒரு பங்கு, அவர் விரும்பினால், அவர் கைக்கே போக வேண்டும்.

நடுவர் விடுவித்த பிறகும் ரைஸ் என்எஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 32 அணிகளில் ஒன்றும் கூப்பிடவில்லை. வாட்சனுக்கு 23 கோடி. ஒருவர் செய்ததை நாம் பார்த்தோம், இன்னொருவர் செய்ததாகச் சொல்லப்பட்டதைக் கேட்க மட்டுமே செய்தோம். அந்த லிஃப்டில் கேமரா இல்லாதிருந்தால் ரைஸ் இரண்டு ஆட்டத்தோடு திரும்பி வந்திருப்பார், ரசிகர்கள் கைதட்டியிருப்பார்கள். கேமரா இல்லாத லிஃப்டுகளுக்கும் சேர்த்துத்தான் விதி எழுத வேண்டும்.