பிணியும் பெருமிதமும்

நோயைப் பாடும் பாட்டு கேட்பவரின் இரக்கத்தை எளிதில் பெற்றுவிடுகிறது. இரக்கம் முந்துமிடத்தில் ஆய்வு பின்தங்கிவிடுகிறது. பாடியவர் துன்புற்றார் என்பதனாலேயே பாட்டு உயர்ந்தது என்று முடிவு கட்டும் போக்கு வகுப்பறையிலும் உண்டு, கவியரங்கிலும் உண்டு. இப்போக்குப் பொருந்துமா என்பதை ஆராய, அமெரிக்கச் சொல்லிசைக் கலைஞர் ஒருவரின் பாடல் துணைசெய்கிறது. யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' 2006ஆம் ஆண்டில் வெளிவந்த பின்னர், ராப் எனப்படும் சொல்லிசை மலேசியத் தமிழ் மாணவர்க்கு அயலான கலை அன்று.

அக்கலைஞரின் இயற்பெயர் ஆல்பர்ட் ஜான்சன். இசையுலகம் அறிந்த பெயர் பிராடிஜி. 1974 நவம்பர் 2ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அவருடைய பாட்டனார் பட் ஜான்சன், ஜாஸ் இசையில் பெயர்பெற்ற சாக்சபோன் கலைஞர். பள்ளித் தோழர் ஹாவக்குடன் இணைந்து அவர் அமைத்த 'மாப் டீப்' குழுவின் முதல் தொகுப்பு 1993இல் வெளிவந்தது. 1995இல் வந்த 'தி இன்ஃபமஸ்' என்னும் தொகுப்பு அவ்விருவரையும் புகழின் உச்சிக்கு உயர்த்தியது. அப்போது பிராடிஜிக்கு அகவை இருபதே.

அவருக்குப் பிறவியிலேயே அரிவாள் அணுச் சோகை நோய் இருந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபுவழியாக வரும் நோய் இது. வட்டமாக இருக்க வேண்டிய குருதிச் சிவப்பணுக்கள் உயிர்வளி குறையும்போது அரிவாள்போல் வளைந்து, நுண்ணிய குழாய்களை அடைத்துக்கொள்ளும். அடைபட்ட இடத்தில் எலும்பையும் மூட்டையும் துளைக்கும் வலி எழும். குளிரும் களைப்பும் நீர்ச்சத்துக் குறைவும் அவ்வலியைத் தூண்டவல்லவை. இந்நோய் ஏதோ ஒரு தொலைநாட்டார்க்கே உரியது என்று கருதுதல் தவறு. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இஃது இருப்பது 1952ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டது.

பிணியைப் பற்றித் தொல்காப்பியர் கொண்ட கருத்து ஈண்டு நோக்கத்தக்கது. மெய்ப்பாட்டியலில் அவர் பிணியை அழுகைக்கு நிலைக்களனாக வைத்திலர். மூப்பு, வருத்தம், மென்மை ஆகியவற்றோடு சேர்த்து இளிவரலின்பாற் படுத்தினார். பிணியாளனைப் பெரிதும் வாட்டுவது கண்ணீர் அன்று. பிறர் முன் தாழ்ந்துபோனோம் என்னும் உணர்வே என்பது இதனாற் பெறப்படும்.

பிராடிஜியின் வாழ்க்கை இதற்குச் சான்றாக அமைகிறது. 1996இல் டூபாக் ஷக்கூர் 'ஹிட் எம் அப்' என்னும் பாடலில் மாப் டீப் குழுவினரைச் சாடியபோது, இந்நோயையே ஏளனப் பொருளாக்கினார். ஒருவன் தேடிக்கொள்ளாத நோய், ஊரறிய வசையாகிவிட்டது. பின்னர் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தம் தனித்தொகுப்பில், 'என் வலியை நீ ஒருபோதும் உணர இயலாது' என்று பொருள்படும் தலைப்பில் பிராடிஜி ஒரு பாடலை அமைத்தார். மருத்துவமனையும் வலிக்கான மருந்தும் அதில் ஒளிவின்றிச் சொல்லப்படுகின்றன. பிறர் ஏளனத்திற்குப் பயன்பட்ட பொருளை, அவர் தம் வாயாலேயே அவைக்கு முன் வைத்துவிடுகிறார்.

இப்பாடலின் சிறப்பு அதன் முன்னிலைக் கூற்றில் இருக்கிறது. பாடுபவர் கேட்பவரை நோக்கிப் பேசுகிறார்; ஆனால் அவரிடம் ஆறுதல் வேண்டவில்லை. 'உனக்குப் புரியாது' என்று வாயிலை அடைக்கிறார். இளிவரலில் தோன்றிய உணர்வு வெகுளியாகிப் பின் பெருமிதத்தில் நிலைகொள்கிறது. கல்வி, தறுகண், இசைமை, கொடை எனத் தொல்காப்பியர் கூறும் பெருமித நிலைக்களன்களுள் தறுகண் இதன்கண் தெளிவாகப் புலப்படுகிறது. குரலும் அதற்கு இயைந்ததே. அஃது உயர்ந்து கதறுவதில்லை. தாழ்ந்த சுருதியில், விரைவின்றி, சொல்லைச் சொல்லாகவே நிறுத்திச் செல்கிறது. அழுகைக் குரலில் பாடப்பட்டிருப்பின் இப்பாடல் தன் பொருளையே மறுத்திருக்கும்.

குறை இல்லையோ எனின், உண்டு. பிறர் உணரவே இயலாது என்று முடிந்த முடிபாகச் சொல்லும் பாடல், அவ்வுணர்வைப் பிறர்க்கு ஊட்டும் கடமையிலிருந்து ஓரளவு தன்னை விடுவித்துக்கொள்கிறது. ஒருவர் உற்ற உணர்வைப் பிறர்க்குப் புலப்படுத்துவதே மெய்ப்பாடு. அடுத்தவர் வலியை உணர்த்த இயலாது என்பது முற்றிலும் உண்மையாயின், இலக்கியத்திற்கே இடமில்லை. மேலும், துப்பாக்கியையும் தெருச்சண்டையையும் அவருடைய பாடல்கள் பல இடங்களில் பெருமையாகப் பேசுகின்றன. சட்டத்திற்குப் புறம்பாகத் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காகச் சிறை சென்று, 2011இல் அவர் விடுதலையானார். நோயின் கொடுமையைக் காட்டி இவற்றை மன்னிப்பது திறனாய்வு ஆகாது. நோய் ஒரு குரலின் இயல்பை விளக்கக்கூடும். அக்குரல் சொல்லும் கருத்தின் தகுதியை அது தீர்மானிக்காது.

2017 சூன் திங்களில் லாஸ் வேகஸ் நகரில் மேடையேறிய பின்னர், நோயின் தாக்கத்தால் பிராடிஜி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கிருந்தபோது தொண்டை அடைத்துச் சூன் 20ஆம் நாள் இறந்தார். அவருக்கு வயது 42. பள்ளித் தோழரோடு தொடங்கிய இசைப்பணியை இறுதிவரை அவர் கைவிடவில்லை.

நோயுற்ற மாணவன் ஒருவன் தன் துன்பத்தைக் கவிதையாக எழுதித் தருங்கால், ஆசிரியர் இரக்கத்தால் மதிப்பெண் கூட்டுதல் எளிது. ஆயினும் அஃது அம்மாணவனை மீண்டும் இளிவரலுக்கே தள்ளுவதாகும். அவன் எழுத்தின் நிறையைப் பாராட்டிக் குறையைச் சுட்டும் ஆசிரியரே, அவனைப் பிணியாளனாக அன்றிப் படைப்பாளனாக மதித்தவர் ஆவார்.