கயிற்றில் கோத்த சலங்கை

சலங்கை என்றதும் நமக்குத் தோல் பட்டையில் வரிசையாகத் தைத்த மணிகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் வட இந்திய நடனமான கதக்கில் கட்டும் சலங்கைக்குப் பட்டையே கிடையாது. நீளமான பருத்திக் கயிற்றில் பித்தளை மணிகளை முடிச்சிட்டு முடிச்சிட்டுக் கோத்திருப்பார்கள். அதனால் எந்த மணியும் இடம் நகராது. கணுக்காலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டும். தேர்ந்தவர்கள் ஒரு காலுக்கு 100 மணிக்கு மேலும் கட்டுவார்கள்.

அத்தனை கனத்தோடு தபலாவுக்கு ஈடுகொடுத்து ஆடுவது பெரிய வித்தைதான். அதைவிட என்னைக் கட்டிப்போடுவது, அவ்வளவு மணிகளையும் அடக்கி, ஓரிரு மணியை மட்டும் கிணுகிணுக்க விடும் பாதம். கதக் கலைஞர் பிர்ஜு மகராஜ் அதில் மன்னர். 2022இல் அவர் மறைந்தாலும் ஒளிப்பதிவுகள் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள்.