ஒரு கிண்ணம் சூப்பும் ஒரு சட்டி கஞ்சியும்

மதுரையில் குளிர் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். மார்கழியில் ராத்திரி இருபது டிகிரிக்கு வந்துவிட்டால் போதும். கோரிப்பாளையத்தில் நிற்கிற ஆட்டோக்காரர்கள் எல்லாம் மங்கி குல்லா மாட்டிக்கொண்டு காஷ்மீர் எல்லைக்குக் காவல் போகிறவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். அப்படி ஒரு ராத்திரியில்தான் அந்தச் சூப்பைச் சாப்பிட்டேன்.

ஓட்டல் பெயர் வேண்டாம். ஏ.சி. போட்ட, மேஜைமேல் துணி விரித்த, தண்ணீருக்கும் பில் போடுகிற ஓட்டல் என்றால் புரிந்துகொள்வீர்கள். மெனு கார்டில் 'குளிர்கால ஸ்பெஷல்' என்று தனியாக ஒரு பக்கம். அதில் முதல் அயிட்டம்: வைல்டு ரைஸ் சூப், 240 ரூபாய்.

"அது என்ன தம்பி?"

"காட்டு அரிசி சார். காட்டுல தானா விளையுறது. உழ மாட்டாங்க, உரம் போட மாட்டாங்க. சுகருக்கு ரொம்ப நல்லது சார்."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மேலே இருப்பவர்கள் சொல்லிக் கொடுத்ததைத்தானே சொல்லுவார்! சூப் வந்தது. கார்ன்ஃப்ளாரைக் கரைத்துக் கொட்டிக் கெட்டியாக்கிய வெள்ளைக் குழம்பு. மேலே மிளகுத் தூள். கரண்டியை விட்டுத் துழாவினால் அடியில் கருப்பாகக் கொஞ்சம் மணிகள். அதைச் சுற்றி மட்டும் லேசாகக் கத்திரிப்பூ நிறத்தில் சாயம் இறங்கியிருந்தது. ஒன்றைக் கடித்தேன். கடைவாயில் 'டொக்'கென்று சத்தம்.

சந்தேகமே இல்லை. நம்ம செட்டிநாட்டுக் கருப்புக் கவுனி. அதுவும் ஊறாத, அரை வேக்காட்டுக் கவுனி.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? கிண்ணத்தில் கிடந்ததை எண்ணினேன். முப்பத்தொரு மணி. ஆயிரம் அரிசி எடுத்து எடை போட்டால் இருபது, இருபத்தைந்து கிராம் இருக்கும். ஆக, என் கிண்ணத்தில் இருந்தது ஒரு கிராமுக்கும் கீழே. நான் கடையில் கவுனி வாங்கியது கிலோ 220 ரூபாய்க்கு. கூட்டிக் கழித்துப் பாருங்கள், ஓட்டல்காரருக்கு அரிசிச் செலவு பதினைந்து, இருபது பைசாவுக்குள். மீதி 239 ரூபாய் 80 பைசா, 'வைல்டு' என்கிற ஒரு வார்த்தைக்கு!

அசல் வைல்டு ரைஸ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததால்தான் இந்த வம்பு. அக்கா பையன் மினியாபொலிஸில் இருக்கிறான். போன தடவை வரும்போது ஒரு பாக்கெட் கொண்டுவந்து, "மாமா, எங்க ஊர்ச் சரக்கு" என்று நீட்டினான். போய் ஆறு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் 'எங்க ஊர்'! நீளமாக, ஒல்லியாக, ஊசி மாதிரி, கரும்பழுப்பில் பளபளவென்று இருந்தது. அம்மா கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, எலிப் புழுக்கை மாதிரி இருக்கு!" என்றாள்.

அது நெல்லே கிடையாது. நெல்லுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு நீர்ப்புல்லின் விதை. அமெரிக்காவின் வடக்கே மினசோட்டா, விஸ்கான்சின் பக்கத்து ஏரிகளிலும் கனடாவிலும் முளைக்கிறது. அங்குள்ள ஒஜிப்வே பழங்குடி மக்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் மனோமின். 'தண்ணீர் மேல் உணவு விளைகிற இடத்தைத் தேடிப் போங்கள்' என்று முன்னோர் வாக்கு வந்ததாகவும், அப்படிக் கிழக்கிலிருந்து நடந்து வந்து இந்த ஏரிகளைக் கண்டுபிடித்துத் தங்கிவிட்டதாகவும் அவர்கள் சொல்கிறார்கள்.

அறுவடைதான் அழகு. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் சின்னப் படகில் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் கழி ஊன்றித் தள்ள, இன்னொருவர் கையில் இரண்டு குச்சி. ஒரு குச்சியால் கதிரைப் படகுக்குள் வளைத்து, இன்னொன்றால் மெல்லத் தட்டுவார். முற்றியது படகில் விழும். கொஞ்சம் ஏரியிலும் விழும். விழட்டும், அதுதான் அடுத்த வருஷத்து விதை. அப்புறம் கரைக்கு வந்து விறகுத் தீயில் வறுத்து, காலால் மிதித்து உமி நீக்கி, புடைத்து எடுத்து வைக்கிறார்கள். எதற்கு? ராத்திரியில் மைனஸ் இருபதுக்கெல்லாம் போகிற குளிர்காலத்துக்கு. ஏரி உறைந்து, காடு மூடிக் கிடக்கும் மாதங்களில் கறியோடும் மீனோடும் சேர்த்துக் காய்ச்சிக் குடிக்க. இன்றைக்கு மினசோட்டாவில் வீட்டுக்கு வீடு வைக்கிற கோழி, காளான், கேரட், கிரீம் போட்ட சூப்புக்கு அடித்தளம் அந்தக் கஞ்சிதான்.

1977-ல் இதை அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ தானியமாகவே அறிவித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்பே அது வயலுக்கு வந்துவிட்டது. 1950-களிலிருந்தே வரப்புக் கட்டி, தண்ணீர் நிறுத்திப் பயிரிட ஆரம்பித்தார்கள். பிறகு கலிபோர்னியாவிலும் போட்டார்கள். இப்போது கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் வயலில் விளைந்து மெஷினில் அறுத்ததுதான். பழங்குடி மக்கள் விடுவார்களா? வயலில் விளைந்தது என்றால் பாக்கெட்டில் அப்படியே அச்சடிக்க வேண்டும் என்று மினசோட்டாவில் சட்டமே இருக்கிறது. 2018-ல் வொயிட் எர்த் பகுதி ஒஜிப்வேக்கள் இன்னும் ஒருபடி மேலே போய், மனோமினுக்கே சட்டப்படி உரிமைகள் உண்டு, செழித்து வளர்வது அதன் உரிமை என்று சட்டம் போட்டார்கள். ஒரு அரிசிக்கு உரிமை! நம்மூரில் அரிசியை விளைவிக்கிறவருக்கே...

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காட்டரிசி நமக்குப் புதுசா? மதுரையிலிருந்து ரெண்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் பிரான்மலை. பாரியின் பறம்பு மலை அதுதான் என்பார்கள். மூவேந்தரும் அந்த மலையை முற்றுகை போட்டபோது கபிலர் அவர்களைப் பார்த்துச் சொன்னதாகப் புறநானூற்றில் 109-வது பாட்டு இருக்கிறது. இந்த மலையைப் பட்டினி போட்டு ஜெயிக்க முடியாதய்யா, உழாமலே நாலு பொருள் இங்கே விளைகிறது என்கிறார். பலா, வள்ளிக்கிழங்கு, தேன் இவற்றுக்கெல்லாம் முன்னால் அவர் முதலில் சொல்வது மூங்கில் நெல். முற்றுகைக் காலத்துச் சோறு! ஒஜிப்வேக்களுக்குப் பனிக்காலம் எப்படியோ, பறம்பு மக்களுக்கு முற்றுகை அப்படி. வேறு எதுவும் கிடைக்காத நாளில் உயிரைப் பிடித்து வைத்த தானியம் இது. அதைக் கொண்டுபோய் அலங்காரத்துக்குத் தூவினால் எனக்கு வயிறு எரிகிறது.

நெல் குடும்பத்திலேயே அசல் காட்டு நெல்லும் நம் நாட்டில் உண்டு. நீவாரம் என்று சம்ஸ்கிருதத்தில் பெயர். 1970-களில் ஆசியா முழுக்க நெல்லைக் குட்டையாக்கிய ஒரு வைரஸ் நோய் பரவியபோது, பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். எதிர்த்து நின்றது உத்தரப்பிரதேசத்திலிருந்து போன ஒரு காட்டு நெல். அதன் ரத்தம் கலந்து 1976-ல் வெளிவந்த ஐ.ஆர்.36, ஆசியாவில் கோடிக்கணக்கான ஏக்கரில் பயிரானது.

ஆனால் கவுனி இந்த ஜாதியே இல்லை. பரம்பரை பரம்பரையாக விவசாயி நாற்று நட்டு, களை எடுத்து, காத்து வளர்த்த வயல் நெல். பர்மாவுக்குப் போன நகரத்தார் கொண்டுவந்தது என்பார்கள். கல்யாண விருந்தில் சர்க்கரையும் தேங்காயும் சேர்த்துப் பரிமாறும் கவுனரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு அதன் மரியாதை தெரியும். மணிப்பூரில் இதன் அண்ணன் தம்பியான சக்ஹாவோ கருப்பரிசி 2020-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. காட்டுயானமும் அப்படித்தான். பெயரில்தான் காடு. ஆளுயரத்துக்கும் மேலே வளர்ந்து, யானை உள்ளே நுழைந்தாலும் தெரியாது என்று பெயர் எடுத்த ரகம். விளைய ஆறு மாசம். நாலு மாசத்தில் அறுத்துவிடுகிற நெல்லுக்கு நடுவில், குறைந்த மகசூலுக்கு ஆறு மாசம் காத்திருக்க எவன் வருவான்? நம்மாழ்வார் வழியில் வந்த நெல் ஜெயராமன் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து, கைப்பிடி கைப்பிடியாக விதை சேர்த்துத்தான் இவை பிழைத்தன. 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது மீட்டுத் தந்திருந்த ரகங்கள் 174.

அதனால் கவுனி விலை அதிகம் என்பதில் எனக்கு வருத்தமில்லை. காசு விவசாயிக்குப் போனால் சரி. ஆனால் 'தானா விளையுறது' என்று ஒரு ஓட்டல் சொல்லும்போது, அந்த ஆறு மாச உழைப்பை ஒரே வரியில் அழித்துவிடுகிறது. என் முதல் புகார் இதுதான்.

இரண்டாவது புகார், 'சுகருக்கு நல்லது'. இதை ஓட்டல் மட்டும் சொல்லவில்லை. கண்காட்சி ஸ்டால், கஞ்சி மாவு பாக்கெட், வாட்ஸ்அப் என்று ஊரே சொல்கிறது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்து கோடிக்கு மேல். எவ்வளவு பெரிய மார்க்கெட் பாருங்கள்! தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்து இருக்கிறது, கருப்பு நிறத்தைத் தருகிற சத்தும் தவிட்டில் இருக்கிறது. வெள்ளை அரிசிக்கு இது மேல்தான். ஆனால் அதுவும் அரிசி, அதிலும் மாவுச்சத்துதான் பெரும்பகுதி. அம்மாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. யாரோ சொன்னார்கள் என்று கவுனி வாங்கி, கருப்பட்டி போட்டுப் பொங்கி, 'மருந்துதானே' என்று ரெண்டு கிண்ணம் சாப்பிட்டாள். அன்றைக்கு மாத்திரையும் போடவில்லை. ரெண்டு மணி நேரம் கழித்து மெஷினில் குத்திப் பார்த்தால் 268. என் வயிற்றில் புளியைக் கரைத்தது. தயவுசெய்து அரிசியைச் சாப்பாடாகச் சாப்பிடுங்கள். மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

இவ்வளவு குறை சொல்கிறவன் ஒழுங்காகச் சமைத்துக் காட்ட வேண்டாமா? காட்டினேன். முதலில் தோற்றேன்.

அமெரிக்கப் பாக்கெட்டைப் பிரித்து, பொன்னிக்கு வைக்கிற மாதிரி குக்கரில் மூன்று விசில் விட்டேன். திறந்தால் கிராம்பு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. "இதைத் திங்க மாட்டுப் பல்லு வேணும்டா" என்று அம்மா தட்டைத் தள்ளிவிட்டாள்.

எங்கள் தெருவில் ஒரு பாய் இருக்கிறார். ரமலான் மாதம் முழுக்கப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர். கரண்டி பிடித்து நாற்பது வருஷம். அவரிடம் ஒரு கைப்பிடி கொண்டுபோய்க் காட்டினேன். முகர்ந்து பார்த்தார்.

"புகை வாசம் அடிக்குதே தம்பி. வறுத்த சாமானா?"

ஒரு மோப்பத்தில் கண்டுபிடித்துவிட்டார்! மிச்சத்தை எடுத்துக்கொண்டு அவரே வீட்டுக்கு வந்தார். "அக்கா, ராத்திரியே ஊறப் போட்டுருங்க. காலையில வர்றேன்."

காலையில் ஆட்டு எலும்பை இஞ்சி, பூண்டு, பட்டை போட்டு முதலில் தனியாகக் கொதிக்கவிட்டார். அந்தத் தண்ணீரில் ஊறிய அரிசியைப் போட்டு, குக்கர் இல்லாமல், சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். பாதி மணிகள் வெடித்து, கருப்புத் தோலுக்குள்ளிருந்து சாம்பல் வெள்ளை எட்டிப் பார்த்தது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தார். எலும்புத் தண்ணீர் தண்ணீராகவே ஓடியது.

"அரிசி வெந்துருச்சு. ஆனா கஞ்சி கூடலை. இது பசை விடாத சாதி தம்பி."

அப்போதுதான் எனக்கு அந்த ஓட்டல் சமையல்காரர் ஞாபகம் வந்தார். அவர் ஏன் கார்ன்ஃப்ளாரைக் கொட்டினார் என்று புரிந்தது. மினசோட்டா சமையல் குறிப்பு எதையோ பார்த்திருப்பார். அதில் மாவும் கிரீமும் சேர்த்துக் கெட்டியாக்கச் சொல்லியிருப்பார்கள். காரணம் தெரியாமல் மாவை மட்டும் பிடித்துக்கொண்டார். பாய் அதற்குப் போட்டது ஒரு கைப்பிடி பச்சரிசிக் குருணை, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, கொஞ்சம் வெந்தயம். இன்னும் இருபது நிமிஷம் கிண்டினார். கடைசியில் தேங்காய்ப்பால், புதினா, மல்லித்தழை.

குடித்துப் பார்த்தேன். கஞ்சி நாக்கில் வழுக்கிக்கொண்டு போக, நடுநடுவே அந்தக் கருப்பு மணி பல்லில் சிக்கி, மென்றால் லேசாகப் புகையும் டீத்தூளும் கலந்த ஒரு வாசம் விட்டது. குழையவே இல்லை. எலும்பின் நெய்ப்புக்கு அந்தப் புகை வாசம் அப்படிப் பொருந்தியது. அடுத்த வாரம் அதே முறையில் நம்ம கவுனியை வைத்துப் பார்த்தோம். அதற்குக் குருணை தேவைப்படவில்லை, அதுவே பசை விட்டுக்கொண்டது. நிறம்தான் நாவல்பழச் சாறு மாதிரி ஆகிவிட்டது. ருசியில் எனக்குக் கவுனிக்குத்தான் ஓட்டு. பாய் அமெரிக்கா கட்சி.

அம்மாவுக்கு இரண்டு நாளும் ஒரு கரண்டிதான், அதுவும் மாத்திரை போட்ட பிறகு. முதல் நாள் கிண்ணத்தை வழித்துவிட்டு, "கஞ்சி நல்லாத்தான் இருக்கு பாய். ஆனா இதை அரிசின்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள்.

பரணில் நீங்கள் கண்காட்சியில் வாங்கிப் போட்ட ஒரு கவுனி பாக்கெட் இருக்கும் பாருங்கள், பிரிக்காமலே. இறக்கி, வண்டு இருக்கிறதா என்று பார்த்து, இன்றைக்கு ராத்திரியே ஊறப் போடுங்கள். எட்டு மணி நேரமாவது ஊறட்டும். எலும்பு வேண்டாம் என்கிறவர்கள் சீரகம், பூண்டு, தேங்காய்ப்பாலோடு நிறுத்திக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ள, எங்கள் வீட்டில் பருப்புத் துவையல்.