ஓல்ட் பாதிரியாரின் எட்டு மாதங்கள்

மறைந்தவரை நினைவுகூரும் எழுத்தில் நம்மவர்க்கு ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது: இறந்த விதத்தைப் பக்கம் பக்கமாய் உருகி எழுதுவர், செய்த வேலையை ஒரு வரியில் முடித்துவிடுவர். மட்டக்களப்பில் மெதடிஸ்த இயக்கத்துக்கு வித்திட்ட வில்லியம் ஓல்ட் பாதிரியாரைப் பற்றிய நினைவு மலர்க் கட்டுரைகளில் பல இவ்வகையினவே. உருகுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. தோமஸ் கோக் தலைமையில் 1813 டிசம்பர் இறுதியில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்ட குழுவில் ஓல்டும் ஒருவர். வழியிலேயே அவர் மனைவி இறந்தார்; 1814 மே 3ஆம் நாள் தலைவர் கோக்கும் கப்பலில் மாண்டார். காலியில் கரையிறங்கிய ஓல்ட் தனியராய் மட்டக்களப்புக்கு வந்து, எட்டு மாதமே உழைத்து, 1815 ஏப்ரல் 1ஆம் நாள் கண்மூடினார்.

அதற்கு முப்பது நாள் முன்பு, மார்ச் 2ஆம் நாள், கண்டி உடன்படிக்கையால் தீவு முழுவதும் பிரிட்டிஷ் முடியின்கீழ் வந்திருந்தது. அந்த ஆட்சியின் ஆதரவில்தான் பாதிரிமார் பள்ளி நடத்தினர். மலர்க்காரர் இதைச் சொல்வதில்லை. நம் நண்பர் சிலரோ இதை மட்டுமே சொல்லி, ‘ஏகாதிபத்தியத்தின் கருவி’ என்று கணக்கை மூடிவிடுகின்றனர். அதுவும் சோம்பலே. இயக்கத்தின் மூலவர் ஜோன் வெஸ்லி 1774இல் அடிமை முறையைக் கண்டித்து நூல் எழுதியவர். 1791இல் சாவதற்கு ஆறு நாள் முன்பும் அதே பொருள்பற்றி வில்பர்போஸுக்குக் கடிதம் வரைந்தவர். ஆங்கிலத் தொழிலாளியை ஆலை முதலாளிக்கு அடங்கப் பழக்கியதும் இதே இயக்கந்தான் என ஈ. பி. தொம்சன் 1963இல் வெளியிட்ட தமது பெருநூலில் வாதிட்டார். இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற் கொண்டே மட்டக்களப்பைப் பார்க்கவேண்டும்.

1814இல் தொடங்கிய பள்ளியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1820இல் பெண்களுக்கென எழுந்ததே இன்றைய வின்சன்ட் மகளிர் பாடசாலை. அக்காலத்தில் பெண் கையில் ஏடு கொடுத்தது சிறு காரியமன்று. ஆனால், ஆங்கிலம் கற்றவன் கச்சேரியில் எழுதுவினைஞன் ஆனான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஏர் பிடித்தவனின் பிள்ளை எந்த வாங்கில் அமர்ந்தான்? மலர்களில் இக்கேள்வியையே காணோம்.

விபுலாநந்த அடிகளை எண்ணிப் பாருங்கள். காரைதீவில் 1892இல் பிறந்த அவர், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் பின்னர் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். இராமகிருஷ்ண மிஷன் துறவியாகி, கல்லடியில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். தமிழிசை ஆராய்ச்சியில் ஆழ்ந்து 1947இல் ‘யாழ்நூல்’ தந்தார். மதம் பரப்ப வந்தவர் கொடுத்த கல்வி, அவர் எண்ணியிராத கைகளில், அவர் எண்ணியிராத பயனைத் தந்தது. வாவிக்கரையில் ஓல்டுக்கு எழுப்பிய சிலையைவிட இதையே பெரிய நினைவுச் சின்னமாக நாம் மதிக்கிறோம். மலர்க்காரர்க்கு இது உவப்பாயிராது!

அடுத்த மலரை அச்சிடுவோரிடம் நாம் கேட்பது ஒன்றே. கப்பல் மரணங்களை இரண்டு பக்கத்தில் நிறுத்துக. பழைய சேர்வு இடாப்புகள் எஞ்சியிருப்பின், அவற்றில் உள்ளவாறே பிள்ளைகளின் ஊரையும் தகப்பனின் தொழிலையும் மீதிப் பக்கங்களில் வெளியிடுக.