எண்ணை நம்பும் சர்வர்: என்எப்எஸ் வழிகாட்டிகள் சொல்லாமல் விடுவது

இரண்டு யுனிக்ஸ் வகைக் கணினிகளுக்கு நடுவே கோப்புகளைப் பகிர வழி கேட்டால், "என்எப்எஸ் போடுங்க, மூணே வரி" என்பார்கள். கணக்கு சரிதான். சர்வரில் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஒரு வரி, அதை அமலாக்க ஒரு கட்டளை, மறுமுனையில் ஒரு மவுண்ட். பெரும்பாலான வழிகாட்டிகள் அங்கேயே முடிந்துவிடும். அந்த மூன்று வரியில் நாம் யாரை நம்பினோம் என்ற பேச்சே இருக்காது. என் குறை அதுதான்.

வழக்கமான அமைப்பில் என்எப்எஸ் பாஸ்வேர்ட் கேட்பதில்லை. "நான் 1000ஆம் எண் பயனர்" என்று கிளையண்ட் சொல்லும். சர்வர் அப்படியே நம்பும். ரேஷன் கடையில் கார்டைப் பார்க்காமல், வாயால் சொன்ன எண்ணுக்குச் சர்க்கரை போடுவது மாதிரி.

இதன் முதல் விளைவு எரிச்சல். மேக்கில் முதல் பயனரின் எண் 501, உபுண்டுவில் 1000, ஃப்ரீபிஎஸ்டியில் 1001. ஆள் ஒருவர்தான், எண் வேறு. சொந்தக் கோப்பையே திருத்த முடியாது. உடனே யாராவது "777 பெர்மிஷன் கொடுங்க" என்பார். சாவி சேரவில்லை என்று கதவையே கழற்றி வைக்கும் வைத்தியம் இது.

இரண்டாவது விளைவு ஆபத்து. அனுமதிக்கப்பட்ட லேப்டாப்பில் ரூட் உரிமை உள்ள எவரும் 1000 என்ற எண்ணில் ஒரு பயனரை உருவாக்கினால் போதும், அந்த எண்ணுக்குரிய கோப்பெல்லாம் அவர் கையில். ரூட் ஸ்குவாஷ் காப்பாற்றாதா? அது பூஜ்யமாம் எண்ணை, அதாவது ரூட்டை மட்டும்தான் தடுக்கும்.

லினக்ஸில் இன்னொரு பொறியும் உண்டு. எக்ஸ்போர்ட்ஸ் வரியில் ஐபி முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்தால், எழுதும் அனுமதி அந்தக் கணினியை விட்டுவிட்டு மற்ற எல்லாருக்கும் போய்விடும்!

இதற்காக சன் மைக்ரோசிஸ்டம்ஸைத் திட்ட மாட்டேன். 1984இல் அவர்கள் இதை உருவாக்கியபோது ஒரு துறையின் கணினிகளை எல்லாம் ஒரே நிர்வாகி பார்த்துக்கொள்வார், ரூட் பாஸ்வேர்ட் அவரிடம் மட்டும் இருக்கும். அந்தச் சூழலில் எண்ணை நம்பியது நியாயம். இன்று ஆளுக்கொரு லேப்டாப், ஆளுக்கொரு ரூட். சூழல் போய்விட்டது, நம்பிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது. 2000இல் வந்த நான்காம் பதிப்பு கெர்பரோஸைத் தரத்திலேயே சேர்த்தது. ஆனால் அதை நாமாக இயக்காவிட்டால், அங்கேயும் அனுமதி எண்ணை வைத்துத்தான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? வீட்டில் இரண்டே கணினி என்றால், ஒரே ஐபிக்கு மட்டும் திறந்து, ஆல் ஸ்குவாஷ் மூலம் வருகிற எல்லா எண்ணையும் உங்கள் எண்ணாக மாற்றிவிடுங்கள். எண் தகராறு தீரும். நம்புவது ஆளை அல்ல, அந்தக் கணினியை என்பதும் தெளிவாகும். பலர் புழங்கும் அலுவலகம் என்றால் கெர்பரோஸ், அதுவும் குறியாக்கத்தோடு. எப்போதாவது நாலு கோப்பு என்றால் எஸ்எஸ்எச்எப்எஸ் போதும்.

வழிகாட்டி எழுதுபவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: மூன்று வரியோடு நாலாவதாக, "இந்தக் கணினியின் ரூட் யார் கையில்?" என்ற கேள்வியையும் சேர்த்துவிடுங்கள்.