கொழும்புத் தொட்டியும் சென்னைத் தொட்டியும்

பவளம் வளரும் வீட்டுத் தொட்டியில் ஏஞ்சல் மீனை விடலாமா என்று கேட்டால், வண்ணமீன் கடைக்காரர்கள் பாதி தலையாட்டி நிறுத்திக்கொள்வார்கள். காரணம் இருக்கிறது. பெரிய ஏஞ்சல்களில் பலவற்றுக்குக் கடலில் கடற்பஞ்சுதான் முக்கிய இரை. நாள் முழுக்கப் பாறையைக் கொறித்துத் திரியும் வாய் அது. தொட்டியில் பஞ்சு இல்லையென்றால் பவளத்தின் சதையைக் கொத்திப் பார்க்கும். அடிக்கடி கொத்து வாங்கும் பவளம் விரியாமல் சுருங்கியே கிடக்கும்.

கொழும்பிலும் சென்னையிலும் சிக்கல் இதுதான். இரண்டு ஊரும் அதை வெவ்வேறு விதமாகச் சந்திக்கின்றன.

இலங்கையில் வண்ணமீன் பிடிப்பது ஒரு தொழில். சுழியோடிகள் காற்றுச் சிலிண்டரோடு இறங்கிக் கைவலையால் பிடிக்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம். காற்று மாறினால் மேற்குக்கும் தெற்குக்கும். பிடிபடுவதில் பெரும்பகுதி விமானம் ஏறிப் போய்விடும். ஆனாலும் கொழும்பில் தொட்டி வைத்திருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. மீன் பையில் அதிக நேரம் அடைபட்டுக் கிடக்காமல் வந்து சேர்கிறது. சீக்கிரம் இரை எடுக்கிறது.

அதே மீன்கள் மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்திலும் நீந்துகின்றன. அங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அதற்கு வெளியே கூடு வைத்து மீன் பிடிப்பவர்களிடம் நீலவளைய ஏஞ்சல் சிக்கினால், அது குழம்புக்குத்தான் போகும். சென்னைக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஏஞ்சலோ பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. பல கை மாறி, பட்டினி கிடந்து, வயிறு ஒட்டி வந்த மீன். பக்கத்துக் கடல் மீன் சட்டிக்கும் தூரத்துக் கடல் மீன் தொட்டிக்கும் போவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பவளத்தின் கதை வேறு. இலங்கையில் கல்பவளங்கள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில், 2001-இல் கல்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கடல் விசிறிகளும் கூடவே. ஆக, மேல்நாட்டு வளர்ப்பு நூல்கள் கொண்டாடும் கல்பவளத் தொட்டி இரு நாட்டிலும் நேர்வழியில் எளிதல்ல. சென்னை வளர்ப்பாளருக்கு மிஞ்சுவது தோல்போலத் தடித்த மென்பவளங்களும் காளான் பவளங்களும்.

இதைக் குறையாக நினைத்துப் புலம்புகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தடித்த மென்பவளங்கள் தம்மைக் காத்துக்கொள்ளக் கசப்பான வேதிப்பொருட்களைச் சுரப்பவை. ஏஞ்சல் பொதுவாக அவற்றை விட்டுவிடும். இன்னொன்று: ஏஞ்சலைக் கொத்தவிடாமல் தடுக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு மூன்று முறையாவது தீனி போட வேண்டும், கடற்பாசித் தாளும் கட்டித் தொங்கவிட வேண்டும். அவ்வளவு தீனியில் நீரில் நைட்ரேட் ஏறும். கல்பவளம் அதில் வாடும், மென்பவளம் சமாளிக்கும். சட்டம் மூடிய கதவு மீனுக்கு வசதியாகிவிட்டது. பவளத்தை முதலில் ஊன்றவிட்டு, கடைசியாக ஏஞ்சலை, அதிலும் குள்ள வகையில் ஒன்றை விட்டால் இந்தத் தொட்டி பெரும்பாலும் நிற்கும்.

கொழும்பில் ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. மீன் எளிதில் கிடைக்கிறது. கருநீல உடலில் வெள்ளை வளையங்களோடு உள்ளங்கைக்குள் அடங்கும் பேரரசு ஏஞ்சல் குஞ்சைப் பார்த்தால் யாருக்கும் கை நீளும். அது வளர்ந்தால் 40 சென்டிமீட்டர். சாதாரண வரவேற்பறைத் தொட்டியில் திரும்பவே இடம் போதாது. அதைவிட இலங்கைக் கடலில் கிடைக்கும், சாம்பல் உடலும் மஞ்சள் வாலும் கொண்ட ஏஞ்சல் மேல். 15 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். பவளம் வேண்டாம், பாறையும் மீனும் போதும் என்பவருக்கு அது நல்ல தேர்வு.

மின்சாரம் போனால் இரண்டு தொட்டிக்கும் ஒரே கதிதான். 2022-இல் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை நீண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. பம்பு நின்றால் ஆக்சிஜன் குறையும். பெரிய உடம்புள்ள மீன்தான் முதலில் திணறும். விளக்குக்குச் செலவழிக்கும் முன் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைப்பது நல்லது.